விபிஎன் அறுபடும்போது அறுபடுவது எது? கட்டுகஸ்தோட்டையிலிருந்து சில பாடங்கள்

கண்டியில் ஆரம்பிக்கும் ஏ9 வீதி முதலில் வந்து சேரும் பெரிய சந்தி கட்டுகஸ்தோட்டை. மகாவலி கங்கையைக் கடந்து, அக்குறணை, மாத்தளை, தம்புள்ளை, வவுனியா, கிளிநொச்சி என்று நீண்டு யாழ்ப்பாணத்தில் முடிகிறது அந்த வீதி. வடக்கில் உள்ளவர்களுக்கு ஏ9 என்றால் ஓமந்தையும் முகமாலையும் நினைவுக்கு வரும். அதே வீதியின் மறுமுனையில் கட்டுகஸ்தோட்டை இருக்கிறது என்பதைப் பலர் யோசிப்பதில்லை.

2006 ஓகஸ்ட் 11ஆம் திகதி முகமாலையில் சண்டை வெடித்ததும் ஏ9 பூட்டப்பட்டது. யாழ். குடாநாடு துண்டிக்கப்பட்டது. 2018 மார்ச் 7ஆம் திகதி கட்டுகஸ்தோட்டையில் பூட்டப்பட்டது வேறொரு பாதை. பேஸ்புக், வட்ஸ்அப், வைபர், இன்ஸ்டகிராம் ஆகியவை நாடு முழுவதும் முடக்கப்பட்டன. கலவரம் நடந்த கண்டி மாவட்டத்தில் இணையமே பெரும்பாலும் இயங்கவில்லை. ஊரடங்குச் சட்டம் அமுலில் இருந்தது. வெளியே போகவும் முடியாது, பக்கத்து ஊரில் என்ன நடக்கிறது என்று அறியவும் முடியாது.

அந்த வாரத்தில்தான் இலங்கையில் பல்லாயிரம் பேர் விபிஎன் என்ற சொல்லை முதன்முறையாகக் கேள்விப்பட்டார்கள். எட்டு ஆண்டுகளுக்குப் பின்னர், வீட்டிலிருந்து வெளிநாட்டு நிறுவனங்களுக்கு வேலை செய்பவர்களும், அலுவலகக் கணினியை வீட்டிலிருந்து இயக்குபவர்களும், ஊடகவியலாளர்களும் அதை அன்றாடம் பயன்படுத்துகிறார்கள். ஆனால் "விபிஎன் அடிக்கடி கட்டாகிறது" என்ற முறைப்பாடு மட்டும் ஓயவில்லை. அது வெறும் தொழில்நுட்பத் தொல்லையா, அல்லது அதற்கு மேலும் ஏதாவது இருக்கிறதா என்பதை இந்தக் கட்டுரை பார்க்கிறது.

2018இல் நடந்தது

2018 பெப்ரவரி 26ஆம் திகதி அம்பாறையில் ஒரு முஸ்லிம் உணவகத்தில் "மலட்டு மாத்திரை" கலந்த உணவு பரிமாறப்பட்டதாகக் கிளம்பிய வதந்தி, காணொளியாக பேஸ்புக்கில் பரவியது. அப்படியொரு மாத்திரையே உலகில் இல்லை. உணவில் இருந்தது மாவுக் கட்டி என்பது பின்னர் இரசாயனப் பகுப்பாய்வில் தெரியவந்தது. அதற்கு முன்னரே கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டுவிட்டன. 

அதற்கு நான்கு நாட்களுக்கு முன்னர், தெல்தெனியவில் சிங்கள லொறிச் சாரதி ஒருவர் முஸ்லிம் இளைஞர்கள் சிலரால் தாக்கப்பட்டிருந்தார். மார்ச் தொடக்கத்தில் அவர் வைத்தியசாலையில் உயிரிழந்தார். அதைத் தொடர்ந்து திகனையில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிக்கப்பட்டன. எரிந்த வீட்டினுள் சிக்கிய ஒரு முஸ்லிம் இளைஞர் உயிரிழந்தார். மார்ச் 6ஆம் திகதி அவசரகால நிலை பிரகடனப்படுத்தப்பட்டது. ஊரடங்கு இருக்கும்போதே மெனிக்கின்ன, கட்டுகஸ்தோட்டை, அம்பதென்ன, அக்குறணை பகுதிகளுக்கும் வன்முறை பரவியது.

இந்தப் பின்னணியில்தான் சமூக ஊடகத் தடை வந்தது. வைபர், வட்ஸ்அப், பேஸ்புக் என்று ஒவ்வொன்றாக மார்ச் 13 தொடக்கம் 15 வரை திறக்கப்பட்டன.

தடை தேவையே இல்லை என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது. இனவெறிப் பதிவுகள் சிங்களத்தில் வெள்ளமாக ஓடின. முறைப்பாடு செய்தவர்களுக்கு "எங்கள் விதிமுறைகளை மீறவில்லை" என்ற பதிலே கிடைத்தது. சிங்களம் தெரிந்த போதிய ஆட்கள் பேஸ்புக்கிடம் இருக்கவில்லை. 2018 வன்முறையில் தனது தளம் வகித்த பங்குக்காக அந்த நிறுவனம் மன்னிப்புக் கேட்டது 2020 மே மாதத்தில்தான். வீடு எரியும் அச்சத்தில் இருந்த ஒரு குடும்பத்துக்கு, அந்தப் பதிவுகள் எப்படியாவது நின்றால் போதும் என்றே இருந்திருக்கும்.

ஆனால் தடை யாரைத் தடுத்தது என்று கேட்டால் பதில் அவ்வளவு திருப்தியாக இல்லை. கும்பலைத் திரட்டியவர்களில் விபிஎன் போடத் தெரிந்தவர்களுக்குத் தடை ஒரு பொருட்டல்ல. பேஸ்புக் இல்லாமலேயே வாகனங்களில் ஆட்களை ஏற்றி வரவும் அவர்களால் முடிந்தது. விபிஎன் தெரியாத தாய்க்குத்தான், அக்குறணையில் இருக்கும் மகள் பத்திரமா என்று வட்ஸ்அப்பில் கேட்க முடியாமல் போனது. பாதுகாப்புப் படையினர் பார்த்துக்கொண்டு நின்றார்கள் என்ற குற்றச்சாட்டுக்கு ஆதாரமான படங்களும் காணொளிகளும் வெளியே வருவதும் தாமதமானது. ஊரடங்கு வேளையில் கும்பல் நடமாட முடிந்ததற்கும் இணையத்துக்கும் தொடர்பில்லை.

இது ஒரு முறை நடந்த கதையல்ல

2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களின் பின்னர் சமூக ஊடகங்கள் மீண்டும் முடக்கப்பட்டு, ஏப்ரல் 30ஆம் திகதி திறக்கப்பட்டன. இரண்டு வாரம்கூடச் செல்லவில்லை. மே 13ஆம் திகதி, வடமேல் மாகாணத்தில் முஸ்லிம்கள் தாக்கப்பட்டபோது மீண்டும் தடை வந்தது.

2022 ஏப்ரல் 3ஆம் திகதி நடந்தது வேறு விதமானது. அன்று இனவன்முறை எதுவும் இருக்கவில்லை. 13 மணி நேர மின்வெட்டையும் எரிபொருள் வரிசையையும் தாங்க முடியாத மக்கள் ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷவுக்கு எதிராக ஆர்ப்பாட்டம் செய்யத் திட்டமிட்டிருந்தார்கள். அவசரகாலச் சட்டம், ஊரடங்கு, அதற்கு மேல் நள்ளிரவிலிருந்து சமூக ஊடகத் தடை. பாதுகாப்பு அமைச்சின் வேண்டுகோளுக்கு இணங்கவே அதைச் செய்ததாக தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு கூறியது. அன்று பிற்பகலே தடை நீக்கப்பட்டது. அப்போது அமைச்சராக இருந்த நாமல் ராஜபக்ஷ, தான் விபிஎன் மூலமே பேசுவதாகவும் இத்தகைய தடைகளால் பயனில்லை என்றும் டுவிட்டரில் எழுதினார். தடை போட்ட அரசாங்கத்தின் அமைச்சரே தடையைத் தாண்டி வந்து அதை விமர்சித்தார்.

2018இல் வெறுப்பைத் தடுக்க என்று எடுக்கப்பட்ட கருவி, நான்கே ஆண்டுகளில் அரசியல் எதிர்ப்பைத் தடுக்கப் பயன்பட்டது. ஒரு பூட்டுச் செய்து வைத்தால், பின்னர் வருபவர் அதை எந்தக் கதவுக்குப் போடுவார் என்பதைச் செய்தவர் தீர்மானிக்க முடியாது.

தமிழர்களுக்கு இது புதிதுமல்ல. 1990 ஜூனில் போர் மீண்டும் தொடங்கியதும் யாழ்ப்பாணம் மின்சாரமும் தொலைபேசியும் இல்லாமல் ஆண்டுக்கணக்கில் இருந்தது. ஒரு கடிதம் போய்ச் சேர வாரங்கள் ஆகின. 2007 ஜூன் மாதத்தில் தமிழ்நெற் இணையத்தளத்தை இலங்கையின் இணைய நிறுவனங்கள் முடக்கின. வன்னியில் என்ன நடக்கிறது என்று தெற்கில் இருந்தவர்கள் வாசிக்கும் வழிகளில் ஒன்று அன்று அடைபட்டது. கொழும்பு டெலிகிராப் போன்ற தளங்களும் பின்னர் அதே நிலைக்கு உள்ளாகின. அந்தக் காலத்தில் பிராக்ஸி தளங்கள் வழியாகச் செய்தி வாசித்தவர்கள் இன்றைய விபிஎன் பாவனையாளர்களின் முன்னோடிகள்.

விபிஎன் என்ன செய்கிறது, என்ன செய்வதில்லை

உங்கள் கணினிக்கும் வேறொரு இடத்தில் இருக்கும் சேர்வருக்கும் இடையே பூட்டப்பட்ட ஒரு குழாய் போடுவதுதான் விபிஎன். உங்களுக்கு இணையம் தரும் நிறுவனம் அந்தக் குழாயைப் பார்க்கும், ஆனால் உள்ளே போவது எது என்று பார்க்க முடியாது. நீங்கள் போகும் இணையத்தளம் உங்கள் இடத்தைப் பார்க்காது, அந்தச் சேர்வரின் இடத்தையே பார்க்கும். அலுவலக விபிஎன் என்றால் குழாயின் மறுமுனை அலுவலகத்தின் உள் வலையமைப்பில் திறக்கும்.

இதனால் எல்லாம் மறைந்துவிடும் என்று நினைக்கக்கூடாது. சொந்தப் பெயரில் உள்ள பேஸ்புக் கணக்கில் நீங்கள் எழுதுவதை விபிஎன் மறைக்காது. நினைவேந்தல் பதிவுகளுக்காக 2020, 2021ஆம் ஆண்டுகளில் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைதான இளைஞர்களுக்கு விபிஎன் இருந்திருந்தாலும் உதவியிராது. கைப்பேசியைப் பறித்துத் திறந்து பார்த்தால் குழாய் பூட்டியிருப்பதில் பயனில்லை.

ஏன் அடிக்கடி அறுபடுகிறது?

கட்டுகஸ்தோட்டையில் ஒரு வீட்டில் இருந்து வேலை செய்யும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். 4ஜி ரவுட்டர், ஒரு மடிக்கணினி, அலுவலக விபிஎன். அரை மணிக்கொரு தடவை இணைப்பு விழுகிறது. விபிஎன் செயலியை அழித்து மீண்டும் போடுகிறார், பயனில்லை. காரணத்தைப் பிரித்துப் பார்க்காமல் மருந்து கொடுப்பதால்தான் இது தீர்வதில்லை. வரிசையாகப் பார்க்கலாம்.

முதலாவது, விபிஎன்னை நிறுத்திவிட்டு இணையத்தை மட்டும் சோதியுங்கள். விண்டோஸ் கணினியில் கட்டளைத் திரையைத் திறந்து, "பிங்" கட்டளையைத் தொடர்ந்து பத்து நிமிடம் ஓட விடுங்கள். இடையிடையே பதில் வராமல் போனால் குற்றம் விபிஎன்னில் இல்லை, இணைப்பிலேயே இருக்கிறது. சாதாரணமாக வலைப்பக்கம் பார்க்கும்போது இரண்டு நொடித் தடை தெரியாது. விபிஎன் குழாய் அதைப் பொறுத்துக்கொள்ளாமல் விழுந்துவிடலாம். மலைப்பாங்கான இடங்களில் 4ஜி அலை ஒரு கோபுரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறிக்கொண்டிருப்பது வழக்கம். ரவுட்டரை யன்னலோரம், உயரமான இடத்தில் வைப்பதே சில வீடுகளில் போதுமானதாக இருக்கும்.

இரண்டாவது, வைபையை விட்டு வயர் மூலம் ரவுட்டருடன் இணைத்துப் பாருங்கள். அப்போது பிரச்சினை தீர்ந்தால், சுவர்களும் பக்கத்து வீட்டு வைபைகளும்தான் காரணம். 5 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசைக்கு மாறுவது நெரிசலைக் குறைக்கும். ஆனால் அது சுவர் தாண்டிக் குறைந்த தூரமே போகும்.

மூன்றாவது, எப்போது அறுகிறது என்று குறித்து வையுங்கள். ஒன்றும் செய்யாமல் இருக்கும்போது மட்டும் அறுந்தால், இடையில் உள்ள கருவிகள் "இந்தப் பாதையில் ஆள் நடமாட்டம் இல்லை" என்று பதிவை அழித்துவிடுகின்றன. கைப்பேசி வலையமைப்புகளில் பல பாவனையாளர்கள் ஒரே முகவரியைப் பகிர்ந்துகொள்வதால் இது அதிகம். விபிஎன் செயலியில் "கீப்அலைவ்" என்ற அமைப்பு இருந்தால் அதை இயக்குங்கள். வயர்கார்ட் முறையில் 25 விநாடிக்கொரு முறை சிறு சமிக்ஞை அனுப்புவது வழமையான அளவு. சரியாக ஒரு மணி நேரம், அல்லது எட்டு மணி நேரம் என்று கடிகாரம் வைத்தாற்போல் அறுந்தால், அது அலுவலகச் சேர்வரின் விதியாக இருக்கக்கூடும். அதை உங்கள் வீட்டில் திருத்த முடியாது. நேரக் குறிப்புடன் அலுவலகத் தொழில்நுட்பப் பிரிவிடம் கொடுங்கள். "அடிக்கடி கட்டாகுது" என்று சொல்வதைவிட அந்தக் குறிப்பு அவர்களுக்குப் பயன்படும்.

நான்காவது, இணைப்பு விழாமல், சில விடயங்கள் மட்டும் தொங்கி நிற்கிறதா என்று பாருங்கள். குறுஞ்செய்தி போகிறது, ஆனால் மின்னஞ்சலில் கோப்பு இணைத்தால் நின்றுவிடுகிறது. சில தளங்கள் திறக்கின்றன, சில பாதியில் நிற்கின்றன. இது பொதிகளின் அளவுப் பிரச்சினையாக இருக்கலாம். சாதாரண வலையமைப்பில் ஒரு பொதி 1500 பைட் வரை இருக்கலாம். விபிஎன் அதன் மேல் தன்னுடைய உறையைச் சுற்றுகிறது. உறையோடு சேர்த்து அளவு மீறினால் பெரிய பொதிகள் வழியில் தொலையும், சிறியவை மட்டும் போகும். செயலியில் "எம்டியூ" என்ற இடத்தில் 1400 என்றும், தீராவிட்டால் 1360, 1280 என்றும் குறைத்துப் பாருங்கள்.

ஐந்தாவது, குழாயின் வகையை மாற்றிப் பாருங்கள். யூடிபி முறை வேகமானது, பெரும்பாலான விபிஎன்கள் முதலில் அதையே எடுக்கும். சில வலையமைப்புகள் அதைத் தடுக்கும் அல்லது மெதுவாக்கும். ஓபன்விபிஎன் இருந்தால் டிசிபி முறையில், 443ஆம் வாயில் வழியாக இணைக்கலாம். வங்கித் தளங்கள் உட்படப் பாதுகாப்பான இணையத்தளங்கள் எல்லாம் பயன்படுத்தும் வாயில் அது என்பதால் அதை மூடுவது கடினம். வேகம் குறையும், ஆனால் நிலைத்து நிற்கும். வயர்கார்ட் யூடிபியில் மட்டுமே இயங்கும் என்பதால் அங்கே இந்த வழி இல்லை.

ஆறாவது, கணினியின் மின்சேமிப்பு. மடிக்கணினி தூங்கும்போது வைபை கருவியையும் தூங்க வைக்கும். அந்தக் கருவியின் அமைப்பில் மின்சேமிப்பை நிறுத்தலாம். கைப்பேசியில் பற்றரி சேமிப்பு, பின்னணியில் ஓடும் விபிஎன்னை மூடிவிடும். அந்தச் செயலிக்கு மட்டும் விலக்குக் கொடுங்கள். ஒரே நேரத்தில் இரண்டு விபிஎன் ஓடுவது, வைரஸ் தடுப்பு மென்பொருள் தானும் ஒரு விபிஎன் போடுவது ஆகியவையும் சண்டை உண்டாக்கும். கணினியின் திகதியும் நேரமும் பிழையாக இருந்தால் சான்றிதழ் சரிபார்ப்புத் தோற்று இணைப்பே வராது.

ஏழாவது, மின்சாரம். விநாடி நேர மின்தடையில் மடிக்கணினி அணையாது, ரவுட்டர் அணைந்து எழும்பும். "விபிஎன் கட்டாகிறது" என்று நாம் நினைப்பது சில வீடுகளில் இதுதான். ரவுட்டருக்கு மட்டும் ஒரு சிறிய யூபிஎஸ் போதும்.

இவை அனைத்தும் சரியாக இருந்து, வேறு நிறுவனத்தின் சிம்மிலும் விபிஎன் மட்டும் இணையவில்லை, மற்ற எல்லாம் வேலை செய்கின்றன என்றால், ஒன்றில் விபிஎன் நிறுவனத்தின் சேர்வர் பழுது, அல்லது வழியில் யாரோ தடுக்கிறார்கள். வேறு நாட்டுச் சேர்வரையும் மறைப்பு முறையையும் முயற்சி செய்வது அப்போதுதான். 2019 ஏப்ரல் தடையின்போது சில விபிஎன் சேவைகளும் இயங்காமல் போயின. ஒரே விபிஎன்னை நம்பி இருக்கக்கூடாது என்பதற்கு அது போதும். விபிஎன் அடைபடும் வேளைக்கு டோர் உலாவியையும் அதன் பாலங்களையும் முன்கூட்டியே கணினியில் போட்டு வைத்திருப்பது நல்லது. தடை வந்த பின்னர் பதிவிறக்க முடியாமல் போகலாம்.

அறுபடும் அந்த நொடி

அலுவலக வேலைக்கு விபிஎன் அறுந்தால் நேரம் வீணாகும். ஆனால் சிலருக்கு விலை அதைவிட அதிகம்.

விபிஎன் அறுந்ததும் கணினி பேசாமல் நிற்காது. பழைய பாதைக்குத் திரும்பி, குழாய் இல்லாமலேயே தொடர்ந்து அனுப்பும். திரையில் ஒன்றும் மாறியிருக்காது. நீங்கள் எந்தத் தளத்தோடு பேசுகிறீர்கள் என்பதும், உங்கள் உண்மையான இணைய முகவரியும் அந்த நொடியில் வெளியே தெரியும். வலிந்து காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பங்களிடம் சாட்சியம் சேகரிப்பவர், காணி அபகரிப்புப் பற்றிய ஆவணங்களை வெளிநாட்டுச் சட்டத்தரணிக்கு அனுப்புபவர், ஜெனீவாவுக்கு அறிக்கை தயாரிப்பவர் ஆகியோருக்கு நாள் முழுவதும் இருந்த பாதுகாப்பு அந்த ஒரு நொடியில் போய்விடலாம். அடிக்கடி அறுபடும் விபிஎன், விபிஎன் இல்லாததைவிட ஆபத்தானது என்றும் சொல்லலாம். இல்லாதவர் கவனமாக இருப்பார், இருப்பதாக நம்புபவர் கவனமாக இருக்க மாட்டார்.

இதற்காகவே "கில் சுவிட்ச்" என்ற அமைப்பு இருக்கிறது. விபிஎன் அறுந்தால் மொத்த இணையத்தையும் அது நிறுத்திவிடும். பல செயலிகளில் அது ஆரம்பத்தில் இயக்கப்பட்டிருக்காது, நீங்கள்தான் இயக்க வேண்டும். அன்ட்ரொய்ட் கைப்பேசிகளில் விபிஎன் அமைப்பின் உள்ளேயே "எப்போதும் விபிஎன்" என்பதும், விபிஎன் இல்லாத இணைப்புகளைத் தடுப்பதும் உண்டு. இயக்கிய பின் சோதித்துப் பாருங்கள். விபிஎன்னில் இருக்கும்போது வைபையை நிறுத்தி மீண்டும் போடுங்கள். விபிஎன் மீண்டும் இணையும் முன்னரே ஒரு வலைப்பக்கம் திறந்தால் கில் சுவிட்ச் வேலை செய்யவில்லை என்று அர்த்தம்.

கில் சுவிட்ச் போட்டவர்களுக்குத்தான் அறுபடல் அதிகம் உறைக்கும், ஏனென்றால் ஒவ்வொரு முறையும் இணையமே நிற்கும். எரிச்சலில் அதை நிறுத்திவிடத் தோன்றும். மேலே சொன்ன திருத்தங்கள் முக்கியமாவது இதனால்தான். இணைப்பு நிலையாக இருந்தால்தான் பாதுகாப்பைத் தொடர்ந்து வைத்திருக்கும் பொறுமை வரும்.

இலவசமாகத் தருபவர் யார்?

2018இல் பலர் கையில் கிடைத்த இலவச விபிஎன்னைப் போட்டார்கள். அவசரத்தில் அது புரிந்துகொள்ளக்கூடியது. ஆனால் குழாயின் மறுமுனையில் இருப்பவர் எல்லாவற்றையும் பார்க்கக்கூடிய இடத்தில் இருக்கிறார். அவுஸ்திரேலியாவின் சிஎஸ்ஐஆர்ஓ ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தவர்களும் பங்கேற்று 283 அன்ட்ரொய்ட் விபிஎன் செயலிகளை ஆராய்ந்து 2016இல் வெளியிட்ட ஆய்வு, அவற்றில் 38 வீதமானவற்றில் தீங்கான மென்பொருளின் அடையாளங்கள் இருந்ததாகவும், 18 வீதமானவை தகவலை மறைகுறியாக்கவே இல்லை என்றும் கண்டது. பூட்டில்லாத குழாய்!

பேஸ்புக்கே ஒரு விபிஎன் வைத்திருந்தது என்பது பலருக்குத் தெரியாது. 2013இல் வாங்கிய ஒனாவோ என்ற நிறுவனத்தின் செயலி, பாதுகாப்புத் தருவதாகச் சொல்லிக்கொண்டு, மக்கள் எந்தெந்தச் செயலிகளைப் பயன்படுத்துகிறார்கள் என்ற தகவலை பேஸ்புக்குக்குக் கொடுத்தது. அப்பிள் நிறுவனத்தின் அழுத்தத்தால் 2018 ஓகஸ்டில் அதன் செயலிக் கடையிலிருந்து நீக்கப்பட்டது. 2019இல் மூடப்பட்டது. கண்டி எரிந்த அதே ஆண்டு, வெறுப்புப் பதிவைக் கண்டுபிடிக்க ஆளில்லாத நிறுவனத்திடம், பாவனையாளரின் நடத்தையைக் கண்காணிக்க வசதி இருந்தது.

பக்கத்தில் இருப்பதால் இந்தியச் சேர்வரைத் தெரிவு செய்பவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2022 ஏப்ரலில் இந்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு, விபிஎன் நிறுவனங்கள் வாடிக்கையாளர் விபரங்களை ஐந்து ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்று பணித்தது. எக்ஸ்பிரஸ்விபிஎன், நோர்ட்விபிஎன், சர்ஃப்ஷார்க் போன்றவை இந்தியாவில் இருந்த சேர்வர்களை அகற்றின. இலங்கையிலிருந்து சிங்கப்பூரும் தொலைவில்லை, வேகமும் பெரும்பாலும் போதுமானது.

சட்டம் எங்கே நிற்கிறது?

இலங்கையில் விபிஎன் பாவிப்பது குற்றமல்ல. ஆனால் அந்த நிலை தானாகவே நீடிக்கும் என்று நம்பிவிட முடியாது. காஷ்மீரில் 2019 ஓகஸ்ட் முதல் இணையம் துண்டிக்கப்பட்டு, 2020 ஜனவரியில் அரசு அனுமதித்த தளங்களுக்கு மட்டும் 2ஜி வேகத்தில் திறக்கப்பட்டது. விபிஎன் மூலம் அதைத் தாண்டியவர்களுக்கு எதிராக அடுத்த மாதமே பயங்கரவாத எதிர்ப்புச் சட்டத்தின் கீழ் பொலிஸார் வழக்குப் பதிந்தார்கள். மியன்மாரில் 2021 இராணுவப் புரட்சிக்குப் பின்னர் வீதிச் சோதனைகளில் கைப்பேசிகளில் விபிஎன் இருக்கிறதா என்று பார்க்கப்பட்டது. அங்கு 2025 ஜனவரியில் கொண்டுவரப்பட்ட சட்டம், அனுமதியின்றி விபிஎன் சேவை நடத்துவதற்குச் சிறைத்தண்டனை விதிக்கிறது. சோதனைச் சாவடிகளைக் கடந்து வளர்ந்த நமக்கு அந்தக் காட்சியைக் கற்பனை செய்வது சிரமமில்லை.

இலங்கையில் 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் நிறைவேற்றப்பட்டிருக்கிறது. "பொய்யான கூற்று" என்று கருதப்படுவதைத் தடுக்கவும், ஒரு தளத்தை இலங்கைப் பாவனையாளர்களுக்கு முடக்கவும் அது வழி திறக்கிறது. எது பொய் என்பதில் வடக்கு கிழக்கு மக்களுக்கும் அரசுக்கும் இடையே 2009இலிருந்தே ஒற்றுமை இல்லை. முள்ளிவாய்க்காலில் எத்தனை பேர் இறந்தார்கள் என்ற எண்ணே அரசால் மறுக்கப்படும் நாட்டில் இந்தச் சட்டத்தின் பாரம் எல்லோர் மீதும் சமமாக விழாது.

நாம் கேட்க வேண்டியது எளிமையானது. இணையத் தடை ஒன்றுக்கு எழுத்து மூலமான உத்தரவு இருக்க வேண்டும். எந்தச் சட்டத்தின் கீழ், எந்தப் பகுதிக்கு, எத்தனை மணி நேரத்துக்கு என்று அது அன்றே வெளியிடப்பட வேண்டும். நீதிமன்றம் அதை உடனடியாக மீளாய்வு செய்ய முடிய வேண்டும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நம் கையில் இருக்கிறது. 2018, 2019, 2022 தடைகளுக்கு யார் எப்போது எழுத்தில் உத்தரவிட்டார் என்று கேட்க எந்தப் பிரசைக்கும் உரிமை உண்டு. வெறுப்பைப் பரப்புபவர்களைக் கைது செய்து வழக்கு நடத்துவதும், சிங்களமும் தமிழும் தெரிந்தவர்களை நிறுவனங்கள் வேலைக்கு வைத்திருப்பதும் தடையைவிடக் கடினம். ஆனால் கண்டியில் வீடுகளைக் காப்பாற்றியிருக்கக்கூடியவை அவைதான்.

அதுவரை, விபிஎன் ஒரு தற்காலிகக் குடை. இன்றே நம்பகமான ஒன்றைத் தெரிவு செய்து, கில் சுவிட்ச்சை இயக்கிச் சோதித்து, இன்னொன்றைக் கையிருப்பில் வைத்து, வயதான உறவினரின் கைப்பேசியிலும் போட்டுக் கொடுங்கள். இணையம் முழுதாக நின்றால் விபிஎன்னும் நிற்கும் என்பதால், முக்கியமான தொலைபேசி இலக்கங்களை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். சாதாரண அழைப்பும் குறுஞ்செய்தியும் அப்போது கைகொடுக்கலாம்.

ஏ9 பூட்டப்பட்டிருந்த காலத்தில், பாதை எப்போது திறக்கும் என்று வடக்கில் உள்ளவர்கள் கேட்டபோது பதில் சொல்ல ஒருவரும் இருக்கவில்லை. 2018 மார்ச்சில் அதே வீதியின் தெற்கு முனையில், கட்டுகஸ்தோட்டையிலும் அக்குறணையிலும் இருந்தவர்களும் அதே கேள்வியைத்தான் கேட்டார்கள். மொழியும் மதமும் வேறாக இருக்கலாம். பாதை பூட்டப்படும்போது அந்தப் பக்கம் இருக்கும் பிள்ளையின் குரல் கேட்காத தாயின் பயம் ஒன்றுதான்.